சாத்தாத கதவு

மற்ற ஊர்களில் வருடம் டிசம்பரில் முடியும். சிவகாசிப் பக்கம் தீபாவளியோடு முடிந்துவிடும். கடைசி லோடு ஏறி, பட்டாசுக் கம்பெனிகள் பூட்டியதும் ஊரே சோம்பல் முறித்து உட்காரும். அந்த ஓய்ந்த நாட்களில் ஒரு சாயங்காலம், கதிரவனும் ஃபரீதும் விருதுநகரில் எண்ணெய் பரோட்டாக் கடையின் மூலை மேசையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பறக்கும் வருடத்தை முடித்துவைப்பார்கள். போன வருடம் என்ன சொன்னோம், இந்த வருடம் என்ன செய்தோம், அடுத்த வருடம் எங்கே. இதுதான் பேச்சு. பீலா விடுகிறவன் தலையில் பில்.

சிரிக்க வேண்டாம். இரண்டு பேரும் முறையாகப் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கிய விமானிகள்தான். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் இல்லை, சொந்த ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். ஃபரீதுக்கு விருதுநகரில் வற்றல், பருப்பு கமிஷன் மண்டி. கதிரவனுக்குச் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பங்கு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் காலண்டரும் அடிக்கிற பிரஸ். கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டு நடுவே ஒரு சின்ன ஃப்ளையிங் கிளப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், நாலு சீட்டு விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் மாடி கட்டினார்கள், கார் வாங்கினார்கள். இவர்கள் கையில் மிஞ்சியதை மேலே கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

"சேலம் தனியா போயிட்டு வந்தாச்சு. பாண்டிச்சேரி போறப்ப மேகம் மறிச்சிருச்சு. வாலைச் சுருட்டிக்கிட்டுத் திரும்பிட்டேன், அதையும் சொல்லிருதேன். அடுத்த வருசம் கொச்சி. மலையத் தாண்டிரணும் மாப்ள" என்றான் ஃபரீத். சால்னாவை ஊற்றிக்கொண்டே, "ம், இனி ஒன் கதைய அவுத்து விடு" என்று அவனே கேட்டான்.

கதிரவன் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டிருந்தானே ஒழிய, ஒரு வாய் வைக்கவில்லை. மேசைக்கு அடியில் அவன் கால் ஆடிய ஆட்டத்தில் டம்ளர் தண்ணீர் தளும்பியது.

"எல்லாம் அப்படியேதான்."

"என்ன அப்படியே? நான் சொல்லட்டா? கிளம்புனா மேற்க. வெம்பக்கோட்டை டேம், விஸ்வநத்தம், ரெண்டு சுத்து, திரும்பி இறக்கம். வருசம் பூரா செக்குமாடு மாதிரி இதே சோலி. கேட்டா பிராக்டிஸுங்க. அப்புறம் அந்தக் கதவு! ரன்வே முனை வர்ற வரைக்கும் கதவப் பூட்டவே மாட்டேங்க. இன்ஸ்ட்ரக்டர் எம்புட்டுத் தடவ ஏசிட்டாரு? வெக்கமா இல்ல? சரி, அடுத்த வருசம் எங்கன?"

"அடுத்த வருசம் உண்டா இல்லையான்னு நாளைக்குத் தெரிஞ்சிரும்."

ஃபரீத் கையில் எடுத்த பரோட்டாவை இலையிலேயே போட்டான். கதிரவன் விஷயத்தைச் சொன்னான்.

பிள்ளை ஆகாயத்தில் பறக்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பெருமை இருக்காது? பொன்னுத்தங்கத்துக்கு இல்லை. அவள் விஸ்வநத்தத்தில் நாற்பது வருடமாகப் பட்டாசுக்கு மருந்து செலுத்துகிறவள். மகன் பறக்கிற ஞாயிற்றுக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இறங்கிவிட்டேன் என்று அவன் போன் பண்ணிய பிறகுதான் அடுப்பையே பற்றவைப்பாள். தீபாவளி அன்றைக்குப் பேச்சு முற்றிவிட்டது. விட்டுத்தொலை என்று அவள் அழ, கதிரவன் வீம்புக்கு அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். ஒரே ஒரு தடவை என்கூட ஏறு, இறங்கிய பிறகும் விடு என்று நீ சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று. முடியாது என்பாள் என்று நினைத்துத்தான் சொன்னான். அவளோ மூக்கைச் சிந்திவிட்டு, "சரி. கம்பெனி தொறக்கதுக்குள்ள கூட்டிட்டுப் போ" என்றாள்.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"ஏலே, நீ லூசா? ஆட்டோவுல கம்பியப் பிடிச்சுக்கிட்டு வர்ற பொம்பள! இறங்குன உடனே விட்ருன்னுதான் சொல்லும். மூணு வருசப் பாடு, அம்புட்டும் போச்சா?"

கதிரவன் பரோட்டாவை இன்னும் பிய்த்துக்கொண்டிருந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பில்லை ஃபரீத்தான் கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் பொன்னுத்தங்கம் கிளம்பி நின்ற கோலத்தைக் கதிரவன் ஏற இறங்கப் பார்த்தான். பருத்திச் சேலை. கொண்டையில் ஊசி இல்லை, கயிறு. வளையல் இல்லை. செருப்பை வீட்டிலேயே விட்டிருந்தாள். பொறி தட்டுகிற எதுவும் மேலே இல்லாமல், அவள் வேலைக்குப் போகிற கோலம் அது. ஊர் சுற்றப் போகிற ஆள் மாதிரியா இருந்தாள்? வழியில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தான். மடியில் கட்டிக்கொண்டாளே தவிரத் தின்னவில்லை.

கிளப்பில் மெக்கானிக் நாகையா விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றும் முன்பு இறக்கையிலிருந்து ஒரு கம்பியைத் தரைக்குக் கவ்வ வைத்தார். பொன்னுத்தங்கம் அதை உற்றுப் பார்த்தாள்.

"எர்த்து குடுத்துட்டுத்தான் ஊத்துதாரு. வெவரமான ஆளுதான்" என்றாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. கதிரவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவளே நெருங்கி வந்து, உள்ளங்கையை விரித்து விமானத்தின் உலோக உடம்பில் அழுத்தி வைத்தாள். பட்டாசுக் கம்பெனியில், மருந்து செலுத்துகிற செட்டு என்னும் சின்ன அறைக்குள் நுழையும் முன்பு வாசலில் அடித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்கிய பிறகுதான் மருந்துப் பக்கம் போகலாம். நாற்பது வருடப் பழக்கம் எங்கே போகும்? பக்கத்தில் நின்ற ஃபரீத் ஏதோ கேலியாகச் சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"போன எங்க?"

"பையில இருக்கும்மா."

"வெளிய வைலே. அந்தத் தம்பிகிட்டக் குடு."

கொடுத்தான். விமானத்துக்குப் போன் ஒன்றும் செய்யாது என்று விளக்கிக்கொண்டிருக்க அது நேரமில்லை.

முன்சீட்டில் வலது பக்கம் அவளை ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டான். சுற்றி வந்து தன் சீட்டில் ஏறினான். செக்லிஸ்ட்டை எடுத்தான். மனசெல்லாம் அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்பதிலேயே இருந்தது. தனியாகப் போகும்போது தன் கதவை முனை வரைக்கும் பூட்டாதவன், பயணி என்று ஒருவர் ஏறிவிட்டால் அவர் கதவை முதலில் பூட்டிவிட வேண்டும் என்று இன்ஸ்ட்ரக்டர் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்ததால், ஒரு வார்த்தை சொல்லாமல், எட்டி, அவள் பக்கத்துக் கதவைப் படார் என்று இழுத்துச் சாத்தினான்.

அவ்வளவுதான். பெல்ட் தெறித்தது. கதவு திறந்தது. பொன்னுத்தங்கம் வெறுங்காலோடு காட்டைப் பார்த்து ஓடினாள். அறுபதை நெருங்கும் பொம்பளை, காற்று வரும் திசையைப் பார்த்து, புகை முகத்தில் அடிக்காத திசையைப் பார்த்து, என்ன ஓட்டம்!

கதிரவன் என்ன செய்தான் தெரியுமா? அவனும் ஓடினான். அவளைப் பிடிப்பதற்காக இல்லை. அதைத்தான் அவனால் பிறகு யாரிடமும் சொல்ல முடியவில்லை. அம்மா ஓடுகிறாள் என்று கண் கண்டதும், ஏன் என்று புத்தி கேட்பதற்கு முன்னால், கால் ஓடியது. விஸ்வநத்தத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுப்பது அது. ஒருத்தி ஓடினால் ஏன் என்று கேட்காதே, ஓடு. அவன் சிறுவனாக இருந்தபோது, இரண்டு செட்டு தள்ளி ஒரு நாள் வெடித்தது. ஓடிய பொன்னுத்தங்கம் பிழைத்தாள். என்னாச்சுக்கா என்று கேட்டு நின்ற முருகேஸ்வரி பிழைக்கவில்லை.

விமானம் இரண்டு கதவையும் விரித்துப் போட்டுக்கொண்டு, சுவிட்ச் போட்டபடி, அநாதையாக நின்றது. நல்லவேளை, இன்ஜினைக் கிளப்பியிருக்கவில்லை. கிளப்பியிருந்தால் அவள் சுழலும் விசிறிக்கு முன்னால் ஓடியிருந்தாலும் ஓடியிருப்பாள்.

புல் ஓரத்தில் இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள். பொன்னுத்தங்கம்தான் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஏம்லே ஓடி வந்த?"

"நீ ஓடுன."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆள உள்ள வச்சுக் கதவச் சாத்துவாங்களாலே? செட்டுக்கு எதுக்கு நாலு வாசல் வச்சிருக்கு? எந்தப் பக்கம் தீப்பிடிச்சாலும் மறுபக்கம் ஓடத்தானே? என் பிள்ளையே என்னைய உள்ள வச்சுச் சாத்திட்டானேன்னு ஆயிருச்சு."

கதிரவன் அவள் பக்கத்தில் குத்தவைத்தான். அவமானமாக இருந்தது. ஊரான் எவனாவது செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டான் எனலாம். இவன் அந்த நாலு வாசல் வழியாகப் பால்குடிக்க ஓடிவந்த பிள்ளை.

"வேண்டாம்னா விட்ருவோம்மா. வீட்டுக்குப் போவோம்."

"ஏன், பந்தயத்துல நான் தோக்கதுக்கா? ஒளுங்கா வா. ஆனா கதவு என் கையில."

அப்படியே நடந்தது. கதவைப் பூட்டாமல், அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்க, விமானம் ரன்வே முனை வரைக்கும் மெதுவாக உருண்டது. காற்று உள்ளே வந்து சேலையைப் புடைக்க வைத்தது. முனையில் நிறுத்தி, "இனி சாத்துனாத்தாம்மா பறக்க முடியும். நீயே சாத்து. மாட்டேன்னா திரும்பிருவோம்" என்றான்.

"உள்ள இருக்கப்ப எதாச்சும் ஆனா எங்கிட்டு ஓட?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ஓட முடியாதும்மா. உக்காந்தபடிக்குப் பாத்து எறக்கணும். அதத்தான் படிச்சிருக்கேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு கதவை இழுத்து, அவன் காட்டிய பிடியை அழுத்திப் பூட்டினாள். அவன் தன் கதவைப் பூட்டினான். பறந்தார்கள்.

முதலில் கண்ணை மூடியிருந்தாள். கரிசல் காடும் காற்றாலைகளும் பின்னால் போக, வெம்பக்கோட்டைத் தண்ணீர் வெயிலில் தெரிந்தபோது ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இரண்டையும். வேப்பமரங்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கான செட்டுகள், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், தள்ளித் தள்ளி நின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். நாற்பது வருடம் அதற்குள்ளேயே கிடந்தவளுக்குக்கூட எது எந்தக் கம்பெனி என்று பிடிபடவில்லை.

"அந்தா ஒன் செட்டு" என்றான் கதிரவன்.

தேடவில்லை. நிதானிக்கவில்லை. இடது கை ஸ்டியரிங்கில் இருக்க, வலது கை விரல் தானாகப் போய் நின்றது. வடகிழக்கு மூலை, இரட்டை வேம்பு, அதிலிருந்து இரண்டாவது.

பொன்னுத்தங்கம் அந்த விரலைப் பார்த்தாள், செட்டைப் பார்க்கவில்லை. சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. பிரஸ்ஸில் பங்கு வந்த நாளிலிருந்து, மருந்து வேலைக்குப் போகாதே என்று இவன் கால் பிடிக்காத குறையாகக் கெஞ்சியும் அவள் கேட்டதில்லை. கூரைக்கு மேலே எங்கோ ஒரு விமானம் முனகிக்கொண்டு போவதைச் செட்டுக்குள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மதுரைக்குப் போகிறதாக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"எப்பவும் இங்கனதான் வருவியா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு சுற்றுச் சுற்றி, கிளப்புக்குத் திரும்பி இறக்கினான்.

இன்ஜின் நின்றது. ஃபரீத் ஓடிவந்தவன் பாதியிலேயே நின்றுகொண்டான். கதிரவன் தன் கையைப் பார்த்தபடி இருந்தான். கால் இப்போது ஆடவில்லை.

"சொல்லும்மா. விடணுமா?"

"மேல இருந்து என்னத்தலே பாப்ப?"

"கூரை இருக்கான்னு பாப்பேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "இருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

"இல்லாமப் போயிருந்தா? அங்கன இருந்து குதிச்சு வந்து தூக்கிருப்பியோ?" கோபமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். "அட கிறுக்குப் பயலே. நீ மேல போனா நான் கீள பட்டினி. நான் உள்ள போனா நீ மேல பட்டினி. இது ஒரு பொளப்பா?"

"அப்ப நீ வேலைய விட்ரு. நானும் விட்ருதேன்."

"அது பந்தயத்துல இல்ல. நீ சொல்லி நான் விடல. நான் சொல்லி நீ எதுக்கு விடணும்?" அவள் பெல்ட்டைத் தானே கழற்றினாள். மடியை அவிழ்த்துக் கடலைமிட்டாயில் பாதியை அவன் கையில் வைத்து, மீதியைத் தன் வாயில் போட்டு மென்றாள். "ஓட்டு. ஆனா வேற பக்கம் போ. அந்தத் தம்பி கடல் மலைன்னு என்னமோ சொல்லுதே, அங்க போ. நான் நாலு வாசலும் தொறந்து வச்சுத்தான் உக்காந்திருக்கேன். நீ ஒன் கதவச் சாத்திக்கிட்டுப் போலே."

இறங்கி, வெறுங்காலோடு நாகையா போட்ட நாற்காலியைப் பார்த்து நடந்தாள்.

விமானத்தின் அடுத்த ஒரு மணி நேரம் ஃபரீத் வாடகைக்கு எடுத்தது. "ஏறு, கடல் வரைக்கும் போயிட்டு வருவோம், நீயே ஓட்டு" என்று அவன் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தான். விமானம் நகரும் முன்பே கதிரவன் தன் கதவை இழுத்துப் பூட்டினான். ஃபரீத் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான். எழும்பி, கிழக்கே திரும்பினார்கள். தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது.

கதிரவனின் கழுத்து மட்டும், அம்மா சொன்ன பேச்சைக் கேட்காமல், ஒருமுறை மேற்கே திரும்பியது.