எழுதாமல் விட்ட வகை

புதுச்சத்திரம் தாண்டி, கோழித்தீவனக் கிடங்குக்கும் லாரி பாடி கட்டும் பட்டறைக்கும் நடுவே இருந்தது அந்தக் கம்பெனி. வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரர்களின் கணக்கெல்லாம் ஓடும் மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் உள்ளே குளிரில் நின்றது. அர்த்தநாரி அங்கே கூட்டித் துடைக்கிறவர். அவர் மகள் சௌந்தர்யா அதே கம்ப்யூட்டரை ஓட்டுகிறவள். இருவரும் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்து வாட்ச்மேன் மாரியப்பன், "குடும்பத்தோட குத்தகைக்கு எடுத்துட்டீங்களாட்ட இருக்குது" என்பான். அந்தக் கேலி அர்த்தநாரிக்கு இனிக்கும்.

இப்போது மாரியப்பன் கேலி பேசுவதில்லை.

அந்த மிஷின் தனக்குள் நடப்பதையெல்லாம் தானே எழுதி வைக்கும். யார் நுழைந்தது, எந்த வேலை முடிந்தது, யார் எந்த ஃபைலை அழித்தது என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. எல்லா வகையையும் எழுதச் சொன்னால் ஆடியில் மேட்டூர் அணை மாதிரி நிரம்பி வழியும். எது வேண்டும், எது வேண்டாம் என்று ஆள்தான் பொறுக்கிச் சொல்ல வேண்டும். வருடக் கணக்கு ஓடிய வாரம் இடம் பத்தாமல் மிஷின் திணறியது. மேற்பார்வை பார்க்கும் பிரபா, "யாரும் பாக்காத வகைய நிறுத்தீரு சாமி, நீயே பாத்துப் பண்ணு" என்றான்.

எழுத்தில் கொடுங்கள் என்று சௌந்தர்யா கேட்கவில்லை. அண்ணன் என்று கூப்பிடுகிற ஆளிடம் அப்படிக் கேட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடாதா? யாரும் திறந்தே பார்க்காத, ஃபைல் அழிப்பதை எழுதும் வகையை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பெரிய ஃபைல் காணாமல் போனது. நுழைந்தவர் பதிவில் அன்று முழுக்க அவள் பெயர். அவசரத்துக்கு எல்லோரும் அவள் பெயரில்தான் நுழைவார்கள்; அவளுடைய பாஸ்வேர்டு அந்த அறையில் தண்ணீர்க் குடம் மாதிரி பொது. எந்த நேரத்து நுழைவில் ஃபைல் அழிந்தது என்று தெரிந்தால் அந்த நேரம் உட்கார்ந்திருந்த ஆள் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய வகையைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள்.

சென்னையிலிருந்து மேனேஜர் வந்தார். தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் அர்த்தநாரி உள்ளே போய் நின்றுகொண்டார்.

"அழிச்சதும் உன் பேரு. எழுதாம நிறுத்தினதும் உன் பேரு. நான் என்னன்னு நினைக்கிறதும்மா?" என்றார் மேனேஜர்.

"பிரபா அண்ணன் சொன்னாருங்க சார்."

"இடம் பத்தலீன்னு சொன்னனுங்க. இந்த வகைய நிறுத்துன்னா சொன்னேன்?" என்றான் பிரபா.

அது பொய்யும் இல்லை. அதுதான் அர்த்தநாரிக்கு ஆத்திரமாக இருந்தது.

"ஏனுங்க சார்," என்றார், "அது மிஷினுங்களே. உள்ளுக்குள்ள தேடுனா கெடைக்காதுங்களா?"

மேனேஜர் கோபப்படவில்லை. "எழுதச் சொல்லாததை அது எழுதலைங்க பெரியவரே. தேடுறதுக்கு ஒண்ணுமே இல்லை."

நாற்பது வயது வரை கைநாட்டாக மூட்டை தூக்கியவர் அர்த்தநாரி. லோடுமேன் சங்கத்து மாலை வகுப்பில்தான் அ, ஆ பிடித்தார். எழுத்து வந்துவிட்டால் இனி ஒருவனும் ஏய்க்க முடியாது என்று அன்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. யாருமே எழுதாமல் விட்டதை எப்படிப் படிப்பது என்று அந்த வகுப்பில் சொல்லித்தரவில்லை.

வெளியே வந்த பிரபாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. பொண்ணு பொழைச்சுக்கும்."

"எனக்கும் ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்ணா," என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

சௌந்தர்யாவுக்கு அன்றோடு வேலை இல்லை என்று ஆனது. கடைசியாக மேனேஜர், "நிறுத்தினதைத் திருப்பி ஓட விட்டுட்டுப் போம்மா" என்றார்.

"போடாத கண்ணு. அவங்களே போட்டுக்கட்டும்," என்றார் அர்த்தநாரி.

"போடாம போனா அதுக்கும் ஒரு கத கட்டுவாங்கப்பா."

அவள் உட்கார்ந்து தட்டினாள். மிஷின் ஏற்றுக்கொண்டது. எழுந்தவள் கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பிரபா அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவள் பெயரில் இருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்தான். இந்த முறை மிஷின் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டது.

மகளைப் பஸ் ஏற்றிவிடக்கூட அர்த்தநாரியால் போக முடியவில்லை. ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது.