தீவனக் கடை வாசல்

“பிரேக்கை விடுறா! காலை எடு!”

ட்வைட்டின் கால் சொன்னபடி கேட்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில், வண்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் வீட்டின் வெள்ளைச் சுவர் முழுசாகத் தெரிந்தது. அடுத்த நொடி அங்கே காணோம்; வலப்பக்கக் கண்ணாடியில் நின்றது. எதிரே வந்த மரலாரி காற்றை வாரி அடித்துவிட்டுப் போயிருந்தது. பிக்ஹார்ன் மலையின் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. டிரெய்லர் வாலை ஆட்ட ஆட்ட, பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து ஆடியது.

பக்கத்து இருக்கையிலிருந்து அம்மா லோர்னா கை நீட்டினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சின்னப் பெட்டியில், டிரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கிற லீவரை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள்.

பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. டிரெய்லர் ஒருமுறை முரண்டு பிடித்து, நேராயிற்று.

“இப்ப மெதுவா அந்த ஓரத்துல நிறுத்து” என்றாள் அம்மா.

நிறுத்தினான். அவள் கை மடியிலிருந்த கைப்பைக்குத் திரும்பிவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல்.

அப்பா வெர்லின் இறந்து இரண்டு நாள். மலைமேல், கோடைக்கு டிரெய்லர்கள் தங்கும் காம்ப்பில், மடக்கு நாற்காலியில், காபிக் கோப்பையோடு. பக்கத்து இடத்துக்காரனுக்கு டிரெய்லர் மாட்டுவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். உடல் முன்னாலேயே கீழே சொந்த ஊரான ஷெரிடனுக்குப் போய்விட்டது. நாளை காலை சர்ச்சில் அடக்க ஆராதனை. டென்வரிலிருந்து ஓடிவந்த மகனின் வேலை, வண்டியையும் டிரெய்லரையும் அம்மாவையும் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது.

காலையில் ஏறும்போதே சரியில்லை. ஸ்டீயரிங்கில் முழங்கால் இடித்தது. அப்பாவும் அவனைப் போல ஆறடிக்கு மேல். காம்ப் காவலாளி வண்டியை நகர்த்தியிருப்பான் என்று நினைத்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

“ஜெனரேட்டரை எங்க வெச்ச?” என்றாள் லோர்னா.

“டிரெய்லர்ல பின்னாடி. விறகுப் பெட்டியும் அங்கதான்.”

“அதான் ஆடுது. முன்னாடி பாரம் இல்லன்னா வால் சொன்ன பேச்சு கேக்காது. இறங்கு, மாத்தி வெப்போம்.”

இருவரும் தூக்கி முன்பக்கம் வைத்தார்கள். ட்வைட்டுக்கு மூச்சு வாங்கியது.

“அப்பா பாடத்தையெல்லாம் காதுல வாங்கிருக்கியே!”

“காம்ப்புல யாரு தப்பிச்சா?” என்றாள் லோர்னா. இரண்டு நாளில் முதல்முறையாக அவள் உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு அசைந்தது.

அது உண்மை. ஷெரிடனில் வெர்லினுக்கு அப்படி ஒரு பெயர். பக்கத்து வீட்டு மெர்ல் வைத்திருந்தது யானை மாதிரி ஒரு டிரக். “ஏண்டா வெர்லின், உன் குட்டி வண்டி டிரெய்லரை இழுக்குதா, இல்ல டிரெய்லர் உன் வண்டியைத் தள்ளிட்டு வருதா?” என்று வேலிக்கு மேலே கத்துவான். “பாரத்தை எங்க வெக்கிறோம்ங்கிறதுலதான்டா இருக்கு. உனக்கு எல்லாம் தொப்பையிலயே இருக்கு!” என்பார் அப்பா. அந்தக் குட்டி வண்டியோடு கோடைக்குக் கோடை மலையேறி இறங்கியவர். நாளை சர்ச்சில் மெர்ல் அதைப் பற்றித்தான் பேசப்போகிறான். வண்டியையும் டிரெய்லரையும் வாங்கிக்கொள்ளப்போவதும் அவனே. சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

“விக்காம இருக்க முடியாதாடா?” என்று நேற்றே கேட்டாள் லோர்னா.

“வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவ? யாரு ஓட்டுறது?”

அவள் காபிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

இப்போது ட்வைட் சாவியைத் திருப்பினான். கால் பெடலைத் தொட்டுத் தொட்டு விலகியது. அணைத்தான்.

“என்னால முடியலம்மா. நான் ஆபீசுக்கே பஸ்ல போறவன்.”

லோர்னா பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை அவன் மடியில் வைத்தாள்.

“தள்ளு.”

“அம்மா, விளையாடாத.”

“தள்ளுடா.”

இருக்கையைத் தன் அளவுக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணாடிகளைத் தாழ்த்தினாள். கியரைக் குறைத்து, இறக்கத்தில் வண்டியை அதன் போக்கில் விட்டு, அவ்வப்போது ஒரு சின்ன பிரேக். டிரெய்லர், பசுவுக்குப் பின்னால் போகும் கன்றுமாதிரி வந்தது. இன்னொரு மரலாரி எதிரே வந்தது. ட்வைட் கதவுப் பிடியை இறுக்கினான். அவள் ஸ்டீயரிங்கைக்கூட இறுக்கவில்லை.

“எப்பம்மா கத்துக்கிட்ட?”

“கத்துக்கிட்டேன்.” சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “மெர்ல்கிட்ட சொல்லிராத.”

“ஏன்? நீ ஓட்டுவன்னா விக்கவே வேணாமே!”

“சொல்லாதன்னா சொல்லாத.”

அதற்குமேல் அவளிடம் எதுவும் பெயராது என்று அவனுக்குத் தெரியும். தலையைச் சாய்த்தான். அடிவாரத்தில் சமவெளியும் மாட்டு வேலிகளும் வந்தபோது தூங்கியே போயிருந்தான்.

வண்டி நின்றதும் விழித்தான். மூடிக்கிடந்த தீவனக் கடையின் பின்வாசல். அடுத்த திருப்பத்தில் அவர்கள் தெரு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லோர்னா குனிந்து இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாள். கடைசிவரை. கண்ணாடிகளை உயர்த்தினாள்.

“இறங்கு. மாறிக்கலாம்.”

“வீடு வந்தாச்சேம்மா. இங்க எதுக்கு?”

“எப்பவும் இங்கதான் மாறுவோம்.”

“யாரு?”

அவள் ஸ்டீயரிங்கையே பார்த்தாள்.

“உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். இன்னிக்கு நீ மாட்டின அதே இறக்கம். அவரும் உன்னை மாதிரியே பிரேக்கை மிதிச்சிட்டாரு. நான்தான் லீவரை அழுத்தினேன். தப்பிச்சுட்டோம். ஆனா அதுக்கப்புறம் பின்னாடி டிரெய்லர் இருந்தா மலையில அவருக்குக் கை உதறும். வண்டியை வித்துரலாம்னேன். ஒத்துக்கல. ‘காம்ப்பு இல்லன்னா நான் என்ன பேசுவேன், லோர்னா?’ன்னாரு.”

ட்வைட் மனசுக்குள் கணக்குப் போட்டான். அவனுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம்.

“இங்கேருந்து வீடு வரைக்கும் அவரு ஓட்டுவாரு. அங்கயும் காம்ப்பு வாசலுக்கு முன்னாடி மாறிக்குவோம். இந்தத் தடவ போய்ச் சேர ராத்திரியாயிருச்சு, பாக்க ஆளில்லன்னு நானே உள்ள கொண்டுபோய் விட்டேன்.”

திருப்பத்துக்கு அப்பால், வீட்டு வாசலில் மெர்லுடைய டிரக்கின் மூக்கு தெரிந்தது.

“நான் டிரெய்லரை ரிவர்ஸ்ல வாசலுக்குள்ள விட்டா மெர்லுக்குத் தெரிஞ்சிரும். ஒரே நாள்ல வர்ற வேலை இல்ல அது.”

ட்வைட் இறங்கினான். முன்னால் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்தான். கதவைத் திறக்கக் கை வைத்தான், அவள் இறங்கவில்லை. அப்பாவின் அளவுக்குத் தள்ளிய இருக்கையில், ஸ்டீயரிங் எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“நீ நடந்து முன்னாடி போ. மெர்ல்கிட்ட டிரக்கை எடுக்கச் சொல்லு.”

“எதுக்கும்மா?”

“எனக்குத் திருப்ப இடம் வேணும்.”

அவன் நடந்தான். முதுகுக்குப் பின்னால் இருக்கை முன்னுக்கு நகர்ந்து ‘டக்’கென்று விழுந்தது. காலையில் அவன் முழங்கால் இடித்த அதே இடத்தில்.