காத்து வாங்கும் பம்பு

ஆயுத பூஜைக்கு மறுநாள் பிடித்த வியாதி, ஐந்தாம் நாளாகியும் விடவில்லை. குளத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும் வாயில் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. பம்பு காத்து வாங்கியது. எந்த இடத்தில் வாங்குகிறது என்பதுதான் காசிலிங்கத்துக்குப் பிடிபடவில்லை.

துறைமுகச் சாலைப் பக்கம் இருக்கும் அந்த நீச்சல்குளத்தின் பம்பும் பில்டரும் பதினோரு வருஷமாக அவன் பொறுப்பு. தண்ணீர் ஒழுகுகிற ஓட்டை என்றால் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். இது உறிஞ்சுகிற பக்கத்து ஓட்டை. பம்பு ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது, காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பம்பின் வாயில் குப்பை பிடிக்கும் வடிகட்டி மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினான். வால்வைப் பிரித்துப் பூட்டினான். ஒவ்வொரு இணைப்பிலும் சவர நுரையைத் தடவி, எங்கே உள்ளே போகிறது என்று கண் வலிக்கப் பார்த்தான். நுரை வைத்த இடத்திலேயே கல் மாதிரி நின்றது. அவனுக்கு அந்த நுரையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக் காலை ஏழு மணிக்கு இந்தக் குளத்தில்தான் மாவட்ட நீச்சல் அணித் தேர்வு. அவன் மகள் முத்துச்செல்விக்குப் பதினான்கு வயதுப் பிரிவில் இது கடைசி வருஷம். பில்டர் சரியாக ஓடாமல் தண்ணீர் மோர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. அடியில் போட்ட கோடு தெரியாத குளத்தில் பிள்ளைகளை இறக்க மாட்டார்கள். இங்கே நடக்காவிட்டால் இந்த வருஷம் தேர்வே கிடையாது என்று நீச்சல் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் வெள்ளத்துரை பம்பு அறை வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

"என்ன காசி, ஆச்சா?"

"ஆனா சொல்ல மாட்டனா அண்ணாச்சி? நீங்க வாங்கிக் குடுத்த பசை அப்படி. போன வருஷம் குழாய் மாத்துனவன் வேலை அப்படி. உப்புக்காத்து வேற."

"ஒரு மணிக்குச் சங்கத்துக்குப் போன் போடணும். முடியலேன்னா முடியலேன்னு சொல்லிருவோம்."

மணி பன்னிரண்டே முக்கால். காசிலிங்கம் ஸ்பேனரைத் தரையில் போட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் மனசுக்குள் சொல்வது அவனுக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது. அழுகை வரும் போல இருந்தது. அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டான்.

முத்துச்செல்வி சோற்றுத் தூக்கோடு வந்தாள். குளத்தை எட்டிப் பார்த்தாள். பம்புக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்தாள்.

"யப்பா, அந்த மாலைகிட்டதான் உஸ்ஸுங்குது. நேத்தும் சொன்னேன்."

நேற்றும் சொன்னாள்தான். "ஏளா, நீ நீச்சலைப் பாரு, பம்பை நான் பாத்துக்கிடுதேன்" என்று விரட்டியது அவன்தான்.

பூஜைக்குப் போட்ட செவ்வந்தி மாலை, காய்ந்து சருகாகி, வடிகட்டியின் மேலிருக்கும் அளவு மீட்டரில் தொங்கியது. சாமிக்குப் போட்டது தானாக உதிரட்டும் என்று அந்தப் பக்கம் அவன் கை வைக்கவே இல்லை. நுரையும் அங்கே மட்டும் தடவவில்லை. இப்போது மாலையை விலக்கி, மீட்டரின் கழுத்தில் ஒரு விரல் நுரை வைத்தான். நுரை சட்டென்று உள்ளே போனது.

கழுத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பி. மாலை நழுவக் கூடாதென்று கொறடு வைத்து முறுக்கியிருந்தது. முறுக்கிய முறுக்கில் பிளாஸ்டிக் கழுத்து மயிரிழை அளவுக்கு விரிசல் கண்டிருந்தது.

மோட்டாரை நிறுத்தினான். மீட்டரைக் கழற்றி எறிந்தான். அந்த ஓட்டையில் டேப் சுற்றிய பித்தளை அடைப்பானைத் திருகி, வடிகட்டியில் தண்ணீர் நிரப்பி, மறுபடியும் ஓடவிட்டான். குமிழி பத்து நிமிஷத்தில் குறைந்து, அப்புறம் நின்றே போனது. இனி விடிய விடிய ஓடினால் தண்ணீர் தெளிந்துவிடும்.

வெள்ளத்துரை கையில் போனோடு வந்தார். "குமிழி நின்னுட்டே. யாரு செஞ்ச கோளாறு?"

குழாய் மாற்றியவன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணாச்சி. பூசைக்கு நான் முறுக்குன கம்பி. பிள்ள நேத்தே சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

முத்துச்செல்வி தூக்கைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். "அப்போ நாளைக்கு உண்டுல்லப்பா?"

"உண்டு. இன்னும் எங்கயாவது உஸ்ஸுங்குதான்னு ஒரு சுத்து கேட்டுட்டு வாளா," என்றான். "நான் இங்கனயே இருக்கேன்."