திரும்பக் கூடாது

சபாபதிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை. தன் கடையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டான், அடுத்தவன் கடையில் பாதி விலைக்கு மேல் கொடுக்க மாட்டான். அதற்கு அவன் கையாண்ட வழி ஒன்றும் பரம ரகசியம் இல்லை. பேரம் முட்டிக்கொண்டு நிற்கும்போது பெண்டாட்டி கோபித்துக்கொண்டு கடையை விட்டு நடக்க வேண்டும். "போதும் வாங்க, நமக்கு இந்தக் கடை சரிப்படாது" என்று ஒரு வார்த்தை, அப்புறம் நடை. கடைக்காரன் போகிற முதுகைப் பார்ப்பான், கையில் இருக்கிற சாமானைப் பார்ப்பான், இறங்கி வருவான். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சட்டம்தான். நடக்கிறவள் திரும்பக் கூடாது. திரும்பினால் ஆசை தெரிந்துவிடும், ஆசை தெரிந்தால் விலை கல்லாகிவிடும்.

கயல்விழி பதினோரு வருடமாக நடக்கிறாள். பண்ருட்டியில் குக்கருக்கு நடந்தாள், பாண்டிச்சேரியில் மிக்சிக்கு நடந்தாள். ஏழு மாத வயிற்றோடு தன் வளைகாப்பு வளையலுக்கே நடந்திருக்கிறாள். நாலைந்து கடை தள்ளி ஏதாவது ஜூஸ் கடையோ டீக்கடையோ இருந்தால் அங்கே நின்றுவிடுவாள். சிறிது நேரத்தில் அவன் சாமானும் சிரிப்புமாக வந்து சேருவான்.

போன தீபாவளியில் இருந்து இதில் மகளும் சேர்ந்துவிட்டாள். சிந்துஜாவுக்கு எட்டு வயது. அப்பா கண்ணைக் காட்டியதும், "அம்மா நில்லும்மா, அம்மா" என்று அழுகிற குரலில் கூப்பிட வேண்டும். பிள்ளை அழுதால் கடைக்காரன் மனசு இன்னும் கொஞ்சம் இளகும். முதல் தடவை கூப்பிட்டபோது கயல்விழி பதறித் திரும்பிவிட்டாள். அன்று வாங்கிய இட்லிக் குண்டான் பற்றி ஒரு மாதம் பேச்சு கேட்டாள். அதற்குப் பிறகு அவள் திரும்பியதில்லை.

இரண்டாயிரத்து எட்டு டிசம்பர், அரையாண்டு லீவு. கடலூரில் இருந்துகொண்டு பிச்சாவரம் படகில் ஏறாத பெண் அந்தத் தெருவிலேயே கயல்விழி ஒருத்திதான். வெளியூர் என்றாலே அவளுக்குக் கொள்முதல்தான். "ஒரே ஒரு நாள். கடை, சரக்கு, விலை, எதுவும் பேசக் கூடாது. காலைல சிதம்பரம் கோயிலு, மத்தியானம் படகு" என்று கேட்டாள். சபாபதி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தன் தலையில் இல்லை, அவள் தலையில்.

அவள் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதுவும் அவள் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. கடையில் விலை போகாத சரக்கு முதலாளி வீட்டு பீரோவுக்கு வந்துவிடும்.

சாமி கும்பிட்டு முடித்துக் கீழ சன்னதித் தெருவில் இறங்கும்போது மணி பன்னிரண்டு ஆகவில்லை. பிச்சாவரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இருபது அடி நடந்திருப்பார்கள், சபாபதியின் கால் ஒரு பித்தளைக் கடை முன்னால் தானாக நின்றது. முழங்கை உயரத்தில் ஒரு நடராஜர்.

"கடை கல்லாவுக்கு மேல வெச்சா அம்சமா இருக்கும்" என்றான்.

"சத்தியம் பண்ணீங்க."

"சாமி வாங்குறதுக்கு என்னா கணக்கு. ரெண்டு நிமிஷம், கயலு."

பேரம் பேசுகையில் செல் அடித்தால் அவசரக்காரன் என்று தெரிந்துவிடும் என்று, கடைப்படி ஏறுகிறபோதே அவன் செல்லை வாய் மூட வைத்துவிடுவான். அதையும் செய்தான். வீட்டுக்கு ஒரு செல் போதும் என்பது அவன் கொள்கை. அந்த ஒன்றும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கும்.

கடைக்காரர் ராமாமிர்தம், நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. விலை சொன்னார். சபாபதி பாதி சொன்னான். அவர் சிலையைத் திருப்பிக் காட்டினார், இவன் தட்டிப் பார்த்தான், அவர் எடை சொன்னார், இவன் எடையில் குறை சொன்னான். ரெண்டு நிமிஷம் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. படகுக்குப் போகிற பஸ் ஒன்று இந்நேரம் கிளம்பியிருக்கும் என்று கயல்விழிக்குத் தோன்றியது.

"போதும் வாங்க. நமக்கு இந்தக் கடை சரிப்படாது" என்றாள்.

சபாபதி மகிழ்ந்துபோனான். இவ்வளவு தத்ரூபமாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் நடந்தாள். அப்போது பார்த்து இரண்டு டூரிஸ்ட் பஸ் ஜனம் கோபுரத்தை நோக்கி எதிரே வந்தது. சக்தி மாலை போட்ட பெண்கள், அத்தனை பேரும் செவ்வாடை. நூறு சிவப்புப் புடவைக்குள் அவளுடைய சிவப்பும் கரைந்தது. பத்துப் பதினைந்து அடி போயிருப்பாள். பின்னால் இருந்து சிந்துஜாவின் குரல் கேட்டது.

"அம்மா, நில்லும்மா. அம்மா."

பிள்ளையையும் கிளப்பி விட்டாயிற்று. கோபம் தலைக்கு ஏறியது. பிள்ளை இன்னொரு தரம் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் குரல் கொஞ்சம் உடைந்தாற்போல் இருந்தது. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கயல்விழி நடையை எட்டிப் போட்டாள்.

கீழ வீதி முனையில் ஒரு ஜூஸ் கடையில் நின்றாள். அவன் வந்ததும் சொல்ல வேண்டியதை வரிசையாக எடுத்து வைத்தாள். பதினோரு வருடச் சரக்கு, குறைவில்லாமல் இருந்தது.

சபாபதி காகிதம் சுற்றிய சிலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல்.

"பாதிக்கும் கீழ முடிச்சிட்டேன். நீ கெளம்புன வேகத்தப் பாத்து மனுசன் ஆடிப் போயிட்டாரு." அவள் பக்கத்தில் பார்த்தான். அவளுக்குப் பின்னால் பார்த்தான். "பாப்பா எங்க?"

"ஒங்ககிட்டதான இருந்தா."

"ஒன் பின்னாலதான ஓடி வந்தா."

கயல்விழி மெதுவாகக் கேட்டாள். "பாப்பாவக் கூப்பிடச் சொன்னீங்களா?"

"இல்லியே. இன்னைக்கு அதுக்கு வேலையே இல்ல. நீ கெளம்பின ஒடனே அவரு எறங்கிட்டாரு. ஏன் கேக்குற?"

"சும்மா கேட்டேன்."

ஜூஸ் கடையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி மூன்றாவது கூப்பாடு அவள் காதுக்குள் திரும்ப வந்தது. அது நடிப்பு இல்லை. பிள்ளை நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறாள்.

அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வாயில் வந்தது எல்லாம் அவன் மேல்தான் விழுந்தது.

"சாமி வாங்குனீங்களே, இப்ப சந்தோஷமா? பொம்மையப் பத்திரமா தோள்ல சாத்திக்கிட்டு வரத் தெரியுது, பெத்த பொண்ணக் கைப்பிடிச்சிக் கூட்டியாரத் தெரியல."

"இப்ப சண்டைக்கு நேரமா? தேடுவோம் வா."

"நீங்க தேடுவீங்க. வழியில கம்மி வெலைக்கு வேற பொண்ணு கெடச்சா வாங்கியாந்துடுவீங்க."

ஜூஸ் கடைக்காரன் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பைத் தம்ளருக்குள் ஊற்றிக்கொண்டான்.

திரும்பப் பித்தளைக் கடைக்கு ஓடினார்கள். ராமாமிர்தம் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார். "அந்தம்மா பின்னாடியே ஓடுச்சே. அம்மா அம்மான்னு கூப்புட்டுக்கிட்டே போச்சு. எனக்கே இங்க கேட்டுதே."

சபாபதி கயல்விழியைப் பார்த்தான். அவள் முந்திக்கொண்டாள். "நூறு பொம்பளைங்க பேசிக்கிட்டு வர்றாங்க. எங்க இருந்து கேக்கும்?"

கடைக்காரர் வாழ்நாள் முழுக்கப் பொய்யான நடைகளைப் பார்த்தவர். பொய்யான வார்த்தை தெரியாமல் இருக்காது. "பாப்பா கீழ வீதில தெக்கால திரும்புனாப்ல இருந்துது" என்று மட்டும் சொன்னார். சிலையைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சபாபதி ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணத்தைக் கயல்விழி சாகும்வரை மறக்கப்போவதில்லை.

கீழ வீதி முழுக்கக் கேட்டார்கள். என்ன அடையாளம் என்றார்கள். பச்சைப் பாவாடை, ரெட்டைச் சடை. யார்கூட வந்தது என்றார்கள். அம்மாகூட, சிவப்புப் புடவை. பூக்காரம்மா ஒருத்தி வீதியைச் சுற்றிக் கையைக் காட்டினாள். "சேப்புப் பொடவைய எண்ணிப் பாரு கண்ணு." சுற்றிலும் சிவப்பாகவே இருந்தது. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னாலும் ஒரு பச்சைப் பாவாடை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துப் பார்த்துக் கயல்விழிக்குக் கண் எரிந்தது.

தேர்முட்டிக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் பெயர், வயது எழுதிக்கொண்டார். "எப்பலேர்ந்து காணோம்?"

சபாபதி மணி பார்க்கச் செல்லை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"என்னா?" என்றாள்.

"மிஸ்டு கால். ஏழு."

"யாரு?"

"சிதம்பரம் நம்பர்தான். சைலண்ட்ல... எடுக்க மறந்துட்டேன்."

போலீஸ்காரர் முன்னாலேயே கயல்விழி ஆரம்பித்துவிட்டாள். இப்படி ஒரு பிடி அவளுக்குப் பதினோரு வருடத்தில் கிடைத்ததில்லை. "ஏழு தடவ. எம் பொண்ணு ஏழு தடவ கூப்பிட்டிருக்கா. ஒருத்தனுக்குக் காது எதுக்கு? செல்லு எதுக்கு? நூறு ரூபா கொறையும்னு பெத்த பொண்ணு கொரல அமுக்கி வெச்ச ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்." சொல்லச் சொல்ல அவளுக்குள்ளேயே ஒன்று அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கக் கூடாதென்றுதான் சத்தத்தைக் கூட்டினாள். சபாபதி வியர்த்த விரலால் அந்த நம்பரை அழுத்தினான்.

எடுத்த பெண் பிள்ளை அங்கேதான் இருக்கிறது என்று இடம் சொன்னாள், தெற்கு வீதியில் ஒரு எஸ்டிடி பூத், கூடவே ஜெராக்ஸ். போலீஸ்காரர் வழி சொன்னார். ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சிந்துஜா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அழுத முகமாக இல்லை. பூத்தை நடத்துகிற பிரிசில்லா, கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட முப்பது வயதுக்காரி, இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு சேப்புப் பொடவ பின்னாடியே வந்துட்டு, மூஞ்சப் பாத்தா வேற ஆளாம். அப்பா நம்பரக் கடகடன்னு சொல்லுச்சு. நானும் அடிக்கிறேன், அடிக்கிறேன், எடுக்க ஆளில்ல. என்னா சார் நீங்க? இன்னும் பத்து நிமிஷம் பாத்துட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போலாம்னு இருந்தேன்."

"அதத்தாங்க நானும் கேக்குறேன்" என்றாள் கயல்விழி. கேட்டுக்கொண்டே பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிள்ளை வியர்வையும் பிஸ்கட்டுமாக மணத்தாள்.

சபாபதிக்கு இருந்த பயம் இறங்க இடம் தேடியது. பெண்டாட்டியிடம் இறங்க முடியாது, பூத்துக்காரியிடம் முடியாது. மிச்சம் ஒரே ஆள்தான்.

"அம்மா முன்னாலதான போனா? கூப்பிட வேண்டிதான?"

"கூப்பிட்டேம்பா. மூணு வாட்டி கூப்பிட்டேன். அம்மாவுக்குக் கேக்கல. ஒரே சத்தம்."

கயல்விழி பிள்ளையின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். சத்தம் என்று பிள்ளையே சொல்லிவிட்டாள். இதைவிட மலிவாக இது முடியாது.

"கேக்கலன்னா கத்திக் கூப்பிடறது. கடைல மட்டும் தொண்ட கிழியக் கத்தத் தெரியுது, நெசமா கூப்பிடறப்ப வாயில என்னா வெச்சிருந்த?" என்று சபாபதி கையை ஓங்கிவிட்டான். சிந்துஜா அம்மாவின் இடுப்புக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"அவள அடிக்காதீங்க" என்றாள் கயல்விழி. "கேட்டுச்சு."

"என்னாது?"

"எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவயும் கேட்டுச்சு. நீங்க கூப்பிடச் சொல்லி அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துல இன்னும் வேகமா நடந்தேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அது எங்கே போவது என்று தெரியாமல் அவனுடைய வாயைத் துடைத்துக்கொண்டது. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். ஏழு தடவையும் மூன்று தடவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது ஜாஸ்தி என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. பிரிசில்லா ஏதோ காகிதத்தை அடுக்குகிறவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இடுப்பில் புதைந்திருந்த முகம் மெல்ல வெளியே வந்தது.

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

சிந்துஜா அம்மாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். தொலைந்துபோன ஒன்றரை மணி நேரமும் அழாத பிள்ளை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கையைச் சுருட்டி அம்மாவின் வயிற்றில் குத்தினாள். இன்னொன்று குத்தினாள். சின்னக் கைதான், ஆனால் முழு பலத்தோடும் விழுந்தது.

"ஏய், அம்மாவ அடிக்கக் கூடாது" என்று சபாபதி பிடிக்க வந்தான்.

"விடுங்க" என்றாள் கயல்விழி. பிள்ளைக்கு எட்டுகிற உயரத்துக்கு அவள் பூத்து வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.