விளையாடும் கடல்

அந்த விடுதியில் கடல் மோசமாக இருக்கிறது என்று விருந்தினரிடம் எவரும் சொல்வதில்லை. படகுத்துறையின் பலகைகளை அலை பெயர்த்தெடுக்கும் நாளிலும், ‘கடல் கொஞ்சம் விளையாடுது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். விடுதியை நடத்தும் மாமனார் இப்படி உத்தரவிட்டதில்லை. அவர் அப்படிப் பேசினார். வீடு முழுக்க அது தொற்றிக்கொண்டது.

வரவேற்பு மேசை மூத்த மருமகளின் பொறுப்பு. சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பாள்: மேட்டுப் பாதையில் நடந்தால் கலங்கரை விளக்கம், சதுப்பில் பறவைகள், வாடகை சைக்கிளில் போனால் வெள்ளை மணல், படகில் போனால் குகை. சுற்றுலாப் பருவம் முடியும் இந்த வாரத்தில் அவளுக்கே அது புளித்துவிட்டது. கலங்கரை விளக்கத்தை மூடுபனி விழுங்கியிருந்தது. பறவைகள் எப்போதோ மூட்டை கட்டியிருந்தன. ஆனாலும் சிரித்தாள். கன்னம் வலித்தது.

படகோட்டி அவளுடைய கொழுந்தன். சில நாட்களாக அவனுக்குக் காய்ச்சல். காலையில் அடுப்போரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவனிடம், இன்று படகை எடுக்காதே என்று சொல்லிப் பார்த்தாள். அப்பா சொன்னால் சரி என்றான். மாமனாரிடம் போனாள். தங்கியிருப்பது ஒரே குடும்பம், அதையும் விரட்டச் சொல்கிறாயா என்றார். தூக்கமில்லாத கண்களோடு அவரும் சோர்ந்துதான் போயிருந்தார்.

அந்தக் குடும்பம் ஒரு தகப்பனும் பள்ளிக்கூடம் போகும் மகளும். மழைக்கு அறையிலேயே அடைந்து கிடந்துவிட்டு இறங்கி வந்தார்கள். குகைக்குப் போக முடியுமா என்று தகப்பன் கேட்டார். மருமகள் சன்னல் வழியே பார்த்தாள். கறுத்த நீர் குகை வாயில் மோதி, நுரையாகச் சிதறித் திரும்பியது.

“கடல் கொஞ்சம் விளையாடுதுங்க,” என்றாள். அதற்குமேல் எச்சரிக்க அந்த வீட்டில் சொல் கிடையாது.

மகள் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, கடல் விளையாடுதாம். வாங்கப்பா, போலாம்.”

“அப்ப நல்ல நேரமாப் பாத்துத்தான் வந்திருக்கோம்,” என்றார் தகப்பன். வந்ததிலிருந்து அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

மருமகள் மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமனார் வாசலிலிருந்து மகனைக் கூப்பிட்டுவிட்டார். மிதவைச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்தன் வந்தான். அவளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினான்.

“என்னோடதுல ஜிப் போயிடுச்சு அண்ணி. நான் விழுந்தா, சட்டை மட்டும் பத்திரமா கரைக்கு வந்துரும்.”

சிரிக்கத் தொடங்கியவனை இருமல் மடக்கிப் போட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிறுமி அவன் தோளிலிருந்து ஒரு மிதவைச் சட்டையை எடுத்து அதற்குள் பாதி மாட்டியிருந்தாள். மேசையைச் சுற்றி வந்த மருமகள் அதை அவள் கையிலிருந்து கழற்றினாள்.

“போகாதீங்க,” என்றாள் தகப்பனிடம். “இவனுக்கு உடம்பு கொதிக்குது. துடுப்பு பிடிக்கக் கையில தெம்பில்ல.”

“என்னம்மா பேசறே,” என்றார் மாமனார். “கடல் சும்மா கொஞ்சம்...”

“விளையாடல மாமா. கடல் மோசமா இருக்கு.”