வெள்ளையடித்த உரக்குழி

டில்லி மயூர் விஹாரின் அந்த அடுக்ககத்தில் பூமியைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. யாராவது பனிமலை உருகும் படத்தைப் போட்டால் போதும், அடுத்த நிமிஷம் ஐம்பது பச்சை இதயங்கள் வந்து விழும். அந்த ஐம்பது வீட்டிலும் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருக்கும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வைதேஹி இந்தக் கூட்டத்தை மனசார வெறுத்தாள். இதயம் போடத் தெரிந்த கைகளுக்கு வாழைப்பழத் தோலையும் பால் பாக்கெட்டையும் வேறு வேறு டப்பாவில் போடத் தெரியவில்லையே என்று எரிந்து விழுவாள்.

நாலு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கத்தி, சண்டை போட்டு, பம்ப் ரூமுக்குப் பின்னால் ஓர் உரக்குழியை அவள் நடத்தி வந்தாள். இப்போது அதற்கும் ஆபத்து. இரண்டு கார் நிறுத்தலாமே என்று அந்த இடத்தின் மேல் சிலருக்குக் கண். ஏதோ ஒரு கூட்டமைப்பு தரும் பசுமைச் சான்றிதழ் கிடைத்தால் குழி இருக்கட்டும், கிடைக்காவிட்டால் பார்க்கிங் என்று பொதுக்குழுவில் முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்வையிட வருகிறார்கள்.

சனிக்கிழமை அவள் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்து அரங்கில் பேசப் போயிருந்தாள். ‘சாமானியர்கள் என்ன செய்யலாம்?’ என்பது தலைப்பு. வந்திருந்த பெரிய மனிதர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்தபடி தலையாட்டினார்கள். கையில் அழுக்குப் படாமல் பூமி பிழைக்காது என்று அவள் முழங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. இந்திராணி. அடுக்ககத்தைக் கூட்டிப் பெருக்கி, குழியையும் கிளறிவிடுகிறவள். வைதேஹி கட் செய்தாள். மறுபடி அடித்தது, மறுபடி கட் செய்தாள். பேச்சுக்குக் கைதட்டல் பிரமாதம்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் பம்ப் ரூம் பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டாள். குழி காலி. உள்ளேயும் வெளியேயும் சுண்ணாம்பு அடித்து, விளிம்புக்குக் காவி பூசி, சுற்றிலும் ரங்கோலி போட்டிருந்தது. போதாதற்குச் சாமந்தி மாலை வேறு. பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார் செயலாளர் ஜோதிலிங்கம். மத்திய அரசில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். மேலதிகாரி வருகிறார் என்றால் கண்ணில் பட்டதற்கெல்லாம் வெள்ளையடிப்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

“உரமெல்லாம் எங்க சார்?”

“குப்பை வண்டியில ஏத்தி அனுப்பியாச்சு மேடம். ஒரே புழு! இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க புழுவப் பாத்தா நம்மள என்ன நெனப்பாங்க?”

“புழுதான் சார் உரம் பண்ணுது.”

“அச்சா, அதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சப்புறம் பண்ணட்டும்.”

வைதேஹி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மூளை என்று ஒன்று இருந்தும் அதைத் திறந்தே பார்க்காத ஜென்மம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மறுநாள் டேப்லெட்டும் கையுமாக ஓர் இளம்பெண் வந்தாள். குழியை எட்டிப் பார்த்து, “இத்னா சாஃப்!” என்று அதன் சுத்தத்தை வியந்தாள். நாற்றமே இல்லையாம். ஜோதிலிங்கம் பன்னிரண்டு சுற்றறிக்கைகள் அடங்கிய கோப்பை நீட்டினார். வைதேஹி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போகும், குழி கார்களுக்கு அடியில் போகும். வாயை மூடிக்கொண்டாள். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள், சிரிக்கவும் செய்தாள். சான்றிதழோடு அவள் நின்ற அந்தப் படத்துக்கு நூற்றுக்கு மேல் இதயம் விழுந்தது. அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை இந்திராணியைப் பிடித்தாள். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு இந்திராணிக்கு ஊர்க்கோடியில் நரேலாவில் வீடு. அங்கிருந்து மூன்று பஸ் மாறி வேலைக்கு வருகிறாள். போன குளிர்காலத்தில் அவள் ஒரு வாளி உரம் எடுத்துப் போனதற்கு, கேட்காமல் எடுத்தால் அதற்குப் பேர் வேறு என்று எல்லார் முன்னாலும் வைதேஹி சொல்லியிருந்தாள்.

“சார் சொன்னா அள்ளிக் கொட்டிடறதா? எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?”

“ரெண்டு தடவ போட்டேம்மா. கட் பண்ணிட்டீங்க.”

வைதேஹிக்குச் சுருக்கென்றது. “இனிமே புழுவுக்கு எங்க போறது?”

“எங்க பிளாக்குக்குப் பின்னால கெடக்குது. அன்னிக்கு ஏசுனீங்களே, அந்த வாளிதான். பதினோரு வீட்டுக் குப்ப இப்ப அதுலதான் விழுது.”

“நாளைக்கு வரும்போது ஒரு வாளி கொண்டாந்துடேன்.”

“போறப்ப மூணு பஸ்ஸுலயும் நான்தான் மடியில வெச்சுட்டுப் போனேன். கொண்டாறது உங்க முறை. வாங்க, வேணுங்கறத அள்ளிக்கங்க.”

நாலு வருஷமாகக் குழியின் ஓரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று விளக்கம் சொன்னதுதான் வைதேஹி. உள்ளே கை விட்டதில்லை.

“கையாலயா?” என்று கேட்டுவிட்டாள். “கிளவுஸ் ஏதாவது இருக்குமா?”

சனிக்கிழமை ஜோதிலிங்கத்தை வைதேஹி எப்படிப் பார்த்தாளோ, அதே பார்வையை இந்திராணி அவள்மேல் வைத்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனாள்.