பெரட்டில் நின்ற பள்ளிக்கூடம்

குளுவாங் டவுனில் வாத்தியார்களுக்கு வைத்த கூட்டம் முடிந்து வீரமுத்து வாத்தியார் சைக்கிளை மிதித்து ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியபோது வயிறு எரிந்துகொண்டிருந்தது. பசி பாதி, ஆத்திரம் பாதி. ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். தோட்டப் பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்தப் போகிறோம் என்று ஓர் அதிகாரி காலை முழுக்க முழங்கினார். கிழக்கே பார்த்துக் கும்பிட வேண்டும், தேகப்பயிற்சி வேண்டும், நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழியில் பாட்டு வேண்டும். பிள்ளைகள் வராத பள்ளியை இழுத்து மூடிவிடுவார்களாம். "ஒரு வேளைக் கஞ்சி ஊத்துனா எல்லாப் புள்ளைங்களும் வரும் ஐயா" என்று வீரமுத்து எழுந்து சொன்னார். மொழிபெயர்க்க வந்தவர் அதை அதிகாரியிடம் சொல்லவே இல்லை. "ஒக்காருங்க சார், ஏன் வம்பு?" என்று முறைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெறுங்கையால் முழம் போடச் சொல்வதில் எந்த ராஜாங்கமும் சளைத்ததில்லை. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலும் பள்ளிக்கூடம் பழைய ஸ்டோரின் ஒரு மூலையில்தான் நடந்தது. ஆனால் அப்போது பிள்ளைகளின் வயிறு இப்படிக் காயவில்லை. இப்போது பெரட்டில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் அரிசி. விடிகாலையில் ஆள் கணக்குக்காக ஆப்பீசுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பதுதான் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொன்னவனுக்குத்தான் பங்கு. வேலை செய்யாத பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. அதனால் பிள்ளைகள் மரவள்ளி தோண்டவும் நத்தை பொறுக்கவும் போனார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

இப்படியே போனால் மூடிவிடுவார்கள் என்று பயந்துதான் வீரமுத்து ஒரு திட்டம் போட்டார். நேரே கிராணி செல்லப்பனிடம் போனார்.

"கிராணியாரே, புள்ளைங்களையும் பெரட்டுல நிப்பாட்டுங்க. அரை ஆளுன்னு பேர் போடுங்க. கொஞ்ச நேரம் காய்கறித் தோட்டத்துல புல்லு புடுங்கட்டும். அப்புறம் எங்கிட்ட அனுப்பிடுங்க."

செல்லப்பன் பென்சிலால் காதைக் குடைந்தபடி யோசித்தார். "அரை ஆளு, அரைப் பங்கு அரிசி. செய்யலாம்லா. ஜப்பான்காரனுக்கும் வேலைக்கு ஆள் கூடுன மாதிரி இருக்கும்."

பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. பிள்ளையைப் பள்ளிப் பக்கமே விடாத காளியம்மாகூட மகனைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். காடு வெட்டப் போகும் அவள் புருஷன் ஐயாசாமி ஒரு நாள் சாயங்காலம் வந்து, "எம் பேர எழுதிக் காட்டுறான் வாத்தியாரய்யா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனான். அதிகாரி பார்வையிட வந்தார், தலைகளைப் பார்த்தார், வட்டாரத்திலேயே இதுதான் முதல்தரப் பள்ளி என்றார். கஞ்சி கேட்டபோது கேட்காத காது! ஆனாலும் வீரமுத்துவுக்குப் பெருமைதான். மேலே இருக்கிறவனுக்குத் தெரியாத வழி நமக்குத் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு சயாம் காட்டில் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. பெரட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் போக வேண்டும். அந்தப் பாதைக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை தோட்டத்துக்குத் திரும்பவில்லை. செல்லப்பன் பள்ளிக்கூடத்துக்கே வந்து வீரமுத்துவை வெளியே கூப்பிட்டார்.

"ஒங்க புள்ளைங்க தலையும் கணக்குல சேந்துடுச்சி வாத்தியாரே."

"அவங்க அரை ஆளுதானே?"

"அரிசிக்குத்தான் அரை ஆளு. சயாமுக்கு முழு ஆளு."

"அப்பப் பேர அடிச்சிடுங்க!"

"அடிச்சா, இத்தன நாள் அரிசி எடுத்தது பொய்யின்னு ஆயிடும். எங்கழுத்து போயிடும். புள்ளைங்களயா லாரியில ஏத்துவாங்க? அவங்க கணக்குக்குப் பெரியவங்கதான் நாலு பேர் கூடுதலாப் போகணும். அந்த நாலுல ஐயாசாமியும் ஒருத்தன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அன்று மத்தியானம் காளியம்மா வந்தாள். அழவில்லை. "ஒங்க ஸ்கூலு இல்லாட்டி அவரு போவாரா?" என்று மட்டும் கேட்டாள். வாத்தியார் ஆப்பீசுக்கு ஓடினார்.

"ஐயாசாமிக்குப் பதிலா நான் போறேன். எம்பேர எழுதுங்க."

செல்லப்பன் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க பெரட்டு ஆளே இல்லையே சார். நீங்க கல்வி இலாகா. ஒங்கள அனுப்புனாலும் ஒங்க தலையைக் கணக்குல எடுக்க மாட்டாங்க."

மண்வெட்டியைத் தூக்க முடியாத பிள்ளைகள் முழு ஆட்களாம். கைகால் திடமாக நிற்கிற அவர் ஓர் ஆளே இல்லையாம். வீரமுத்து மேசையை ஓங்கி அறைந்தார், கத்தினார், அதிகாரியின் பரம்பரையையே திட்டினார். ஆப்பீஸ் பையன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் லாரி வந்தது, ஐயாசாமியை ஏற்றிக்கொண்டு போனது.

அதற்கு மறுநாள் காலை வாத்தியார் பெரட்டுக்குப் போய் ஓரமாக நின்றார். காளியம்மா வர மாட்டாள் என்று நினைத்தார்; வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவள் வந்தாள். மகனை வரிசையில் தள்ளி நிறுத்தினாள். கிராணி பேர் கூப்பிட்டதும் பிள்ளை "இருக்கேன்" என்றான். அவள் வாத்தியாரிடம் வந்து நின்றாள்.

"அரிசிக்காகத்தான் அனுப்புறேன். புல்லு புடுங்கிட்டு ஒங்ககிட்ட வருவான். சும்மா ஒக்காந்திருக்கட்டும். நீங்க அவனுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம்."